போனி எம் ‘ராஸ்புடின்’: மெட்டு யாருடையது, குரல் யாருடையது, கதை எவ்வளவு நிஜம்?

ஊசித்தட்டு (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கியபோது ஒரு பழைய கேசட் கிடைத்தது. அட்டையில் என் அண்ணன் கையெழுத்தில் ‘போனி எம், ஏ பக்கம் முழுக்க’ என்று இருக்கிறது. 83இலோ 84இலோ ஊர் ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து, மூன்று நாள் நடையாய் நடந்து வாங்கியது. அதில் மூன்றாவது பாட்டு ராஸ்புடின், ஜார் மன்னர் காலத்து ரஷ்யாவில் வாழ்ந்த ஒரு சாமியாரைப் பற்றிய டிஸ்கோ பாட்டு.

அப்போது எனக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் இது காதல் பாட்டு இல்லை, ஏதோ கதை நடக்கிறது என்று மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஒரு ஆள் வருகிறான். ஊரே அவனைப் பற்றிப் பேசுகிறது. நடுவில் பாட்டு பின்னால் போய், ஒருவர் ரேடியோவில் செய்தி வாசிக்கிறமாதிரி ஏதோ சொல்கிறார். அப்புறம் அவனைக் கொல்கிறார்கள். கடைசியில் ஒரு ஆண் குரல் பெருமூச்சு விடுவதுபோல் ஒரு வரி பேசுகிறது, ‘ஓ, இந்த ரஷ்யாக்காரர்கள்’ என்கிறமாதிரி.

எங்கள் தாத்தா சந்தைக்குப் போனால் கொலைச்சிந்து புத்தகம் வாங்கி வருவார். எட்டுப் பக்கமோ பதினாறு பக்கமோ இருக்கும், மட்டமான காகிதம். எங்கேயோ நடந்த கொலையைப் பாட்டாகக் கட்டியிருப்பார்கள். மேலேயே இன்ன பாட்டின் மெட்டு என்று போட்டிருக்கும். விற்கிறவரே டேப் என்கிற கைப்பறையைத் தட்டிப் பாடிக் காட்டுவார். ராஸ்புடினை இப்போது திரும்பக் கேட்டபோது சட்டென்று தோன்றியது: இது 1978இன் கொலைச்சிந்து. ஊர் வம்பு, ஊரறிந்த மெட்டு, ஒரு கொடூரச் சாவு, எல்லாம் அப்படியே இருக்கிறது. டேப்புக்குப் பதில் டிரம்ஸ், அவ்வளவுதான் வித்தியாசம்.

பாட்டு எப்படி உருவானது என்பதும் ஒரு கதைதான். இதை உண்டாக்கியவர் ஃபிராங்க் ஃபாரியன் என்ற ஜெர்மன்காரர். இயற்பெயர் ஃபிரான்ஸ் ராய்தர், 1941இல் பிறந்தவர், சமையல்காரராகப் பயிற்சி எடுத்தவர். 1975இல் ஒரு நடனப் பாட்டைத் தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிந்து தயாரித்து, அதற்கு ‘போனி எம்’ என்று பெயர் போட்டு வெளியிட்டார். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடரில் வந்த துப்பறிவாளர் பெயர் போனி. அதிலிருந்து எடுத்தது. பாட்டு ஓட ஆரம்பித்ததும் தொலைக்காட்சியில் நிற்க ஆட்கள் வேண்டுமே. அதற்குப் பிறகுதான் குழு வந்தது. ஜமைக்காவில் பிறந்த லிஸ் மிட்செல், மார்சியா பாரெட். மொன்செராட் தீவுக்காரர் மெய்ஸி வில்லியம்ஸ். அரூபா தீவிலிருந்து வந்த பாபி ஃபாரெல். ஆக, முதலில் பாட்டு பிறந்தது, பிறகுதான் பாடகர்கள்!

ராஸ்புடின் 1978இல் வந்த ‘நைட்ஃபிளைட் டு வீனஸ்’ தொகுப்பில் இருக்கிறது. எழுதியவர்கள் என்று மூன்று பெயர் போட்டிருக்கும். ஃபாரியன், ஜார்ஜ் ரேயம், ஃப்ரெட் ஜே. ரேயமின் சொந்தப் பெயர் ஹான்ஸ்-யோர்க் மேயர். மேயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் ரேயம். ஃப்ரெட் ஜே ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். இப்படி ஜெர்மன்காரர்கள் தயாரித்து, கரீபியன் பெண்கள் ஆங்கிலத்தில் பாடும் ரஷ்யக் கதை! நடுவே ‘வுண்டர்பார்’ என்று ஒரு ஜெர்மன் சொல்லும் வருகிறது. அவன் கசாச்சோக் ஆட்டத்தை ‘அற்புதமாக’ ஆடினானாம்.

இங்கே இசை தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், சரித்திரம் படித்தவர்களும் இருக்கிறீர்கள். இந்தப் பாட்டை எல்லாருமாகச் சேர்ந்து கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாமா?

முத்துநகர்

அண்ணே, காலங்காத்தாலே சின்ன வயதுக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். எங்கள் தெருவில் டிசம்பர் வந்தால் போனி எம்மின் கிறிஸ்துமஸ் பாட்டுதான், ஸ்பீக்கர் கட்டிப் போடுவார்கள். அதே குரல் ராஸ்புடின் பாடுகிறது என்று தெரிந்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. ஒரு பக்கம் பெத்லகேம் குழந்தை, மறுபக்கம் இந்த ஆள்.

பல்லவியில் ‘ரா ரா ராஸ்புடின்’ என்று வருமே, பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்குக் குடும்பம் இருந்தது. அந்தப் பாட்டி ‘யாரை ரா ரா என்று கூப்பிடுகிறார்கள்?’ என்று கேட்பார். நாங்களும் ரொம்ப நாள், யாரையோ வா வா என்று அழைக்கும் பாட்டு என்றுதான் நினைத்திருந்தோம்.

நெவா

நல்ல இழை. நான் ரஷ்யச் சரித்திரத்தை ஆசைக்காகப் படிக்கிறவன், அந்தப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பாட்டில் சரியாக இருப்பது முதலில். கிரிகோரி ராஸ்புடின் 1869இல் சைபீரியாவில் பொக்ரோவ்ஸ்கொயே கிராமத்தில் பிறந்த குடியானவர், பிறகு சாமியாராக அலைந்தவர். 1905இல் ஜார் இரண்டாம் நிக்கோலஸைச் சந்தித்தார். இளவரசன் அலெக்ஸிக்கு ஹீமோஃபீலியா, ரத்தம் உறையாத நோய். தாய் அலெக்ஸாண்ட்ரா விக்டோரியா மகாராணியின் பேத்தி. அந்த வழியாக வந்த நோய் அது. 1912இல் போலந்தில் ஸ்பாவா என்ற ஊரில் பையன் சாகக் கிடந்தபோது ராஸ்புடின் அனுப்பிய தந்திக்குப் பிறகு அவன் தேறினான். அதிலிருந்து தாய்க்கு அந்த மனிதர் கடவுள் அனுப்பிய ஆள். பாட்டு இதைத் தொட்டுக் காட்டுகிறது, பாராட்டத்தான் வேண்டும். ஒரு டிஸ்கோ பாட்டில் நோயாளிக் குழந்தையின் தாய் வருகிறாள் என்பதே எனக்கு ஆச்சரியம்.

தப்பு எங்கே? அரசியின் காதலன் என்று பாட்டு சொல்வதற்கு எந்தச் சான்றும் கிடையாது. அது அந்தக் காலத்திலேயே கேலிச்சித்திரங்களிலும் துண்டுப் பிரசுரங்களிலும் பரவிய வதந்தி. மாஸ்கோப் பெண்கள் மயங்கினார்கள் என்று வருகிறது. அவர் புழங்கியது தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கில். அப்புறம், பெண்கள் எல்லாம் அவனைக் கொல்லாதே என்று கெஞ்சினார்களாம். உண்மையில் அவரைக் கொல்ல முதலில் கத்தி எடுத்தவளே ஒரு பெண்தான்! 1914 கோடையில், அவருடைய சொந்த ஊரிலேயே, கியோனியா குசேவா என்பவள் வயிற்றில் குத்தினாள். மனிதர் பிழைத்துக்கொண்டார்.

விஷம் கொடுத்தும் சாகவில்லை என்ற கதை கொலைகாரர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் யூசுப்போவின் நினைவுக்குறிப்பிலிருந்து வருகிறது. கொன்றவன் சொல்லும் கதை! செத்தவன் பேயைப்போல் பலசாலி என்று காட்டினால்தானே கொன்றவன் வீரன் ஆவான்? உடலைப் பரிசோதித்தபோது கிடைத்தது துப்பாக்கிக் காயங்கள்தான். மொய்க்கா ஆற்றங்கரையில் யூசுப்போவ் மாளிகையில், 1916 டிசம்பரில் நடந்தது. உடல் சில நாள் கழித்து நெவா ஆற்றுக் கிளையில் பனிக்கடியில் கிடைத்தது.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது ஒன்று உண்டு. பாட்டில் முதல் உலகப் போர் இல்லவே இல்லை. 1915இல் ஜார் போர்முனைக்குப் போய்விட, அரண்மனையில் அலெக்ஸாண்ட்ரா முடிவெடுக்க, மந்திரிகள் மாறிக்கொண்டே இருக்க, முனையில் லட்சக்கணக்கில் ஆட்கள் சாக, அந்தக் கோபம் முழுக்க ஒரு தாடிக்காரன் தலையில் விழுந்தது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வம்பு மட்டும்.

ஊசித்தட்டு

நெவா சார், ரொம்ப நன்றி. குசேவா பற்றி எனக்குத் தெரியாது.

போரைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் பாட்டுக்காக ஒரு வார்த்தை. நடுவில் பாட்டு நின்று பேச்சு வருகிற இடத்தைக் கேளுங்கள். குடியும் பெண்ணாசையும் அதிகாரப் பசியும் மேலும் மேலும் பேருக்குத் தெரிய வந்தபோது, இந்த ஆளை ஏதாவது செய்தாக வேண்டும் என்ற குரல் ஓங்கியது என்கிறார். ‘அவன் கெட்டவன்’ என்று பாட்டு தன் வாயால் தீர்ப்புச் சொல்லவில்லை. ஊர் என்ன சொல்லிற்று என்றுதான் சொல்கிறது. இது வம்பைப் பற்றிய பாட்டு. நான் கொலைச்சிந்து என்று சொன்னதும் அதனால்தான். கொலைச்சிந்தை யாரும் கோர்ட் தீர்ப்பாக வாங்குவதில்லை, ஊர் என்ன பேசுகிறது என்று தெரிந்துகொள்ள வாங்குகிறார்கள்.

நெவா

கேட்கிறவர்கள் அப்படிப் பிரித்துப் பார்க்கிறார்களா என்பதே என் சந்தேகம். ராஸ்புடினைப் பற்றி இன்று உலகத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்தது இந்தப் பாட்டில் இருப்பது மட்டும்தான். அவருக்கும் மனைவி, பிள்ளைகள் இருந்தார்கள்.

குளிர்காலம்

யூசுப்போவ் பெயர் வந்ததால் சொல்கிறேன். இந்தக் கதைக்கும் நம் வீட்டுத் தொலைக்காட்சிக்கும் நேரடியாக ஒரு தொடர்பு இருக்கிறது.

1932இல் எம்ஜிஎம் நிறுவனம் ராஸ்புடினைப் பற்றி ஒரு படம் எடுத்தது. அதில் ஒரு இளவரசியை ராஸ்புடின் கெடுப்பதாகக் காட்டினார்கள். அது என்னைத்தான் குறிக்கிறது என்று யூசுப்போவின் மனைவி இரினா லண்டனில் வழக்குப் போட்டார். 1934இல் ஜெயித்தார், 25,000 பவுண்டு நஷ்டஈடு. அந்த வழக்குக்குப் பிறகுதான் ‘இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே, யாரையும் குறிப்பிடுவன அல்ல’ என்று அட்டை போடும் வழக்கம் சினிமாவில் நிலைத்தது. தமிழ்ப் படத்திலும் சீரியலிலும் நாம் தினம் பார்க்கும் அந்த வரிக்கு மூலம் மொய்க்கா ஆற்றங்கரைக் கொலை.

சட்டக் கல்லூரியில் அவதூறு வழக்குகளைப் படித்தபோது இதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க யாரிடமாவது சொல்லவேண்டும் என்று தவித்தேன்.

முத்துநகர்

இனிமேல் அந்த அட்டை வரும்போதெல்லாம் தாடிக்காரர் ஞாபகம்தான் வரும் எனக்கு.

மலைக்கோட்டை

மெட்டு விஷயத்தை நான் சொல்கிறேன். கதை சொல்லும் வரிகள் எந்த மெட்டில் போகின்றன? துருக்கியில் யாரைக் கேட்டாலும் உடனே சொல்வார்கள், ‘காத்திபிம்’. இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதியைப் பற்றிய பழைய நாட்டுப்பாட்டு. உஸ்குதாருக்குப் போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது, என் குமாஸ்தாவின் நீளக் கோட்டின் ஓரமெல்லாம் சேறு என்று ஒரு பெண் பாடுவது. கஞ்சி போட்ட சட்டை அவனுக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று பெருமைப்படுவாள். அமெரிக்கப் பாடகி எர்தா கிட் 1953இல் ‘உஸ்கா தாரா’ என்று அதைப் பாடி உலகமெங்கும் கொண்டுபோனார். போனி எம் தரப்பு ஒற்றுமையை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், காது சொல்லும்.

ஃபாரியனுக்கு இது புதிதும் இல்லை. முந்தைய வருஷம் 1977இல் வந்த ‘மா பேக்கர்’ துனிசியாவின் ‘சிதி மன்சூர்’ என்ற நாட்டுப்பாட்டை வைத்துக் கட்டியது. அதுவும் குற்றக் கதைதான், அமெரிக்காவின் மா பார்க்கர் என்பவளைப் பற்றியது. பாடுவதற்கு ஓசை நன்றாக இருக்கும் என்று பார்க்கரை பேக்கர் ஆக்கிவிட்டார்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பல்கேரிய இயக்குநர் அடேலா பேவா 2003இல் இந்த உஸ்குதார் மெட்டைத் தேடிப் போய் ஒரு ஆவணப்படம் எடுத்தார். துருக்கி, கிரீஸ், அல்பேனியா, போஸ்னியா, செர்பியா, பல்கேரியா என்று போகிற இடமெல்லாம் ‘இது எங்கள் பாட்டு’ என்கிறார்கள். சில இடத்தில் சண்டைக்கே வந்துவிடுகிறார்கள். நம் பக்கம் வங்கத்தில் காஸி நஸ்ருல் இஸ்லாம் இதே மெட்டில் பாட்டுக் கட்டியிருக்கிறார். அப்படிப்பட்ட மெட்டை எடுத்தால் யாருக்கும் அது அந்நியமாகத் தெரியாது. ஊசித்தட்டு சொன்ன ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்ற வழக்கம் இதுவேதான்.

ஊசித்தட்டு

ஒரு வித்தியாசம், மலைக்கோட்டை. கொலைச்சிந்துக்காரர் மெட்டு எங்கிருந்து எடுத்தது என்று அட்டையிலேயே போடுகிறார். இசைத்தட்டில் மூன்று பேர் பெயர்தான் இருக்கிறது.

மலைக்கோட்டை

ஆமாம். அது சரியில்லை. பாட்டு எனக்கு உயிர், ஆனால் அது சரியில்லைதான்.

தவில்வீடு

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை தவில். நான் வாசிக்கவில்லை, கேட்கிற காது மட்டும் மிச்சம். தாளத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இந்தப் பாட்டைத் தனியாகக் கேட்டால் பாதிதான் கேட்டதாக அர்த்தம். அந்தத் தொகுப்பில் முதல் பாட்டு ‘நைட்ஃபிளைட் டு வீனஸ்’. அதில் டிரம்ஸ் இடிமாதிரி உருண்டுகொண்டே வந்து, நிற்காமல் நேராக ராஸ்புடினுக்குள் இறங்கும். அந்த உருட்டல் 1973இல் கோஸி பவல் வெளியிட்ட ஒரு டிரம்ஸ் தட்டின் சாயல். போனி எம் பதிவுகளில் டிரம்ஸ் வாசித்த கீத் ஃபோர்சி பின்னாளில் அமெரிக்காவில் பெரிய தயாரிப்பாளர் ஆனார்.

டிஸ்கோவில் பேஸ் டிரம் நாலு எண்ணிக்கைக்கும் நாலு அடி. இதற்குமேல் எளிமையான தாளம் இல்லை. ஆனால் அது எதையும் மறைக்காது, கதைக்கு அதுதான் வேண்டும். வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவர் கதை சொல்லும் இடத்தில் வித்தை காட்டமாட்டார், நடையை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பார். கதை ஒரு கட்டத்துக்கு வந்ததும்தான் வேகம் காட்டுவார். இங்கேயும் அப்படித்தான். சொல்லும்போது நடை ஒரே சீர். பெயரைச் சொல்லி எல்லாரும் சேரும்போது ‘ஹே ஹே’, கைதட்டு, கம்பி வாத்தியங்கள், எல்லாம் வந்து கொட்டும். பல்லவி வரும்போது கேட்கிறவனும் சேர்ந்துகொள்கிறான். கதை தெரியாதவனும் ஆடுவது இதனால்தான்.

முத்துநகர்

கதை தெரியாமல் ஆடியவர்களில் நானும் ஒருவன். பள்ளி ஆண்டுவிழாவில் ஆடியிருக்கிறோம், ஒருத்தருக்கும் ராஸ்புடின் யார் என்று தெரியாது. சொல்லிக் கொடுத்த மாஸ்டருக்கும் தெரியாது.

கடலோடி

குரல் விஷயத்தை யாரும் தொடவில்லையே? எனக்கு அதுதான் உறுத்தல்.

பாபி ஃபாரெல் மார்பு திறந்த உடையில் துள்ளிக் குதிப்பதைப் பார்த்து நாம் எல்லாம் அவர் பாடுகிறார் என்று நினைத்தோம். பதிவில் இருக்கும் அடித்தொண்டை ஆண் குரல் ஃபாரியனுடையது. மெய்ஸி வில்லியம்ஸும் பதிவில் பாடவில்லை. லிஸ் மிட்செலும் மார்சியா பாரெட்டும் மட்டும் உண்மையாகப் பாடியவர்கள். இதே ஃபாரியன் பத்து வருஷம் கழித்து மில்லி வனில்லி என்ற இருவரை வைத்து இதையே செய்தார். மேடையில் அவர்கள், பதிவில் வேறு ஆட்கள். 1990இல் உண்மை வெளியே வந்து, கொடுத்த கிராமி விருதையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஊர் முழுக்க அந்த இரண்டு பையன்களைத்தான் காறித் துப்பியது. அவர்களில் ராப் பிலாட்டஸ் 1998இல் இறந்துபோனார், வயது முப்பத்திரண்டு. ஏற்பாடு செய்தவர் தொழிலில் நீடித்தார். இது எனக்குப் பொறுக்கவில்லை.

மலைக்கோட்டை

கடலோடி, நம் ஊரில் இது ஒரு குற்றமா? டி.எம்.எஸ். எம்.ஜி.ஆருக்கு ஒரு விதமாகவும் சிவாஜிக்கு ஒரு விதமாகவும் பாடினார். நாம் ஏமாந்தோமா? இல்லையே, குரல் எவ்வளவு பொருந்துகிறது என்று கொண்டாடினோம். ஃபாரெல் நடிகர், ஃபாரியன் பின்னணிப் பாடகர். அவ்வளவுதான்.

கடலோடி

நம் தட்டில் டி.எம்.எஸ். பெயர் இருக்கும். ரேடியோவில் பாட்டுக்கு முன்னால் ‘பாடியவர்’ என்று சொல்வார்கள். அங்கே சொல்லவில்லை, ஃபாரெல்தான் பாடுகிறார் என்று நம்பும்படி விட்டார்கள். எனக்கு வித்தியாசம் அது ஒன்றுதான், ஆனால் பெரிய வித்தியாசம்.

குளிர்காலம்

இங்கேயும் ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1949இல் வந்த ‘மகல்’ என்ற இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டுக்கு இசைத்தட்டில் பாடியவர் பெயர் ‘காமினி’ என்றிருந்தது. காமினி படத்தில் வரும் பாத்திரம். பாடியது லதா மங்கேஷ்கர். கேட்டவர்கள் யார் பாடியது, யார் பாடியது என்று வானொலிக்கு எழுதிக் குவித்த பிறகுதான் பெயர் வெளியே வந்தது. ஆக, பெயர் போடும் நியாயம் நமக்கும் தானாக வந்துவிடவில்லை, கேட்டு வாங்கியது. போனி எம் ரசிகர்கள் கேட்கவில்லை.

ஊசித்தட்டு

கடலோடி, நீங்கள் சொன்ன பிறகு யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் ஃபாரெல் பக்கம் நின்று ஒன்று சொல்லலாமா? அந்தப் பாட்டு உலகத்துக்குப் போனது காதால் மட்டும் இல்லை. அவர் ஆடியதைக் கழித்துவிட்டு ராஸ்புடினை நினைத்துப் பாருங்கள், முடியாது. அந்த ஆட்டத்துக்கு அவர் யாரிடமும் குரல் கடன் வாங்கவில்லை. பிறகு பல வருஷம் ஊர் ஊராகப் போய்த் தன் சொந்தக் குரலிலேயே மேடையில் பாடவும் செய்தார்.

அவர் சாவு உங்களுக்குத் தெரியுமா? 2010 டிசம்பர் 30. ரஷ்யாவில் கச்சேரிக்குப் போயிருந்தார். முந்தைய இரவும் மேடையேறியிருக்கிறார். காலையில் ஹோட்டல் அறையில் இறந்து கிடந்தார், வயது 61. ஊர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்.

நெவா

ராஸ்புடின் கொல்லப்பட்டதும் புதிய காலண்டர்படி 1916 டிசம்பர் 30 விடியுமுன். அதே ஊர், அப்போது பெயர் பெட்ரோகிராட். நான் தற்செயலுக்குப் பொருள் தேடுகிறவன் இல்லை. ஆனால் இதை முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

சோவியத் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1978 டிசம்பரில் போனி எம் மாஸ்கோவில் பத்துக் கச்சேரி செய்தார்கள். மேற்கிலிருந்து ஒரு டிஸ்கோ குழு அங்கே போவது அப்போது லேசான விஷயம் இல்லை. ஆனால் ராஸ்புடின் மட்டும் பாடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சோவியத் அரசின் மெலோதியா நிறுவனம் அந்தத் தொகுப்பை வெளியிட்டபோதும் இந்த ஒரு பாட்டை எடுத்துவிட்டது. அடுத்த வருஷம் போலந்தில் சோப்போட் விழாவில், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டும் பாடிவிட்டார்கள். தொலைக்காட்சியில் காட்டியபோது அதை வெட்டிவிட்டார்கள்.

ஜாரை ஒழித்த அரசாங்கத்துக்கு, ஜார் அரண்மனையைக் கேலி செய்யும் பாட்டு ஏன் ஆகவில்லை? பாட்டின் கடைசி வரி ஒரு காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். கேலி ஒரு ராஸ்புடினோடு நிற்கவில்லை, ரஷ்யர்கள் எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறது.

தவில்வீடு

சார்ட்டில், அதாவது விற்பனை வரிசையில், எவ்வளவு போனது?

மலைக்கோட்டை

ஜெர்மனியில் ஒன்றாமிடம், ஆஸ்திரேலியாவிலும் ஒன்று. பிரிட்டனில் இரண்டு. அமெரிக்காவில் இது எடுபடவில்லை. அங்கே அவர்களுக்கு அந்த வருஷம் ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ மட்டும் முப்பதாம் இடம் வரை போனது.

பின்னால் வந்தவற்றையும் எழுதிவிடுகிறேன். ஃபின்லாந்தின் துரிசாஸ் என்ற மெட்டல் குழு 2007இல் பாடினார்கள், நன்றாகவே இருக்கும். ‘ஜஸ்ட் டான்ஸ் 2’ விளையாட்டில் வந்ததால் ஒரு புதுத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு ஆட்டம் மனப்பாடம். 2012இல் ‘ஏஜென்ட் வினோத்’ இந்திப் படத்தில் இதை வைத்து ஒரு பாட்டு வந்தது. 2021இல் மெஜஸ்டிக் என்ற டிஜே செய்த ரீமிக்ஸ் டிக்டாக்கில் பற்றிக்கொண்டு மறுபடி பிரிட்டன் சார்ட்டுக்குள் வந்தது.

ஸ்டெதாஸ்கோப்

முதல் தடவை எழுதுகிறேன், இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 2021 என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஏப்ரலில் கேரளத்தில் திருச்சூர் அரசு மருத்துவக் கல்லூரி மாணவி ஒருவரும் மாணவர் ஒருவரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆபரேஷன் தியேட்டர் உடையிலேயே ராஸ்புடினுக்கு ஆடினார்கள். அரை நிமிஷ வீடியோ. நான் அப்போது ஹவுஸ் சர்ஜன். கோவிட் இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தது, வார்டில் தூக்கமில்லை, நாங்கள் எல்லாரும் காய்ந்துபோயிருந்தோம். அந்த வீடியோவை ஒரே இரவில் பத்துத் தடவை பார்த்திருப்பேன். அவர்கள் முகத்தில் இருந்த சிரிப்புக்காக.

இரண்டு நாளில் யாரோ அவர்கள் இருவரின் பெயரையும் மதத்தையும் பார்த்து விஷம் கக்க ஆரம்பித்தார்கள். அப்போது அந்தக் கல்லூரி மாணவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இன்னும் பல பேர் சேர்ந்து அதே பாட்டுக்கு ஆடி இன்னொரு வீடியோ போட்டார்கள். பதில் அறிக்கை, விளக்கம் ஒன்றும் இல்லை, ஆட்டம் மட்டும்.

நெவா சார், ஒரு ஆளைப் பற்றிய வம்பு எப்படிக் கொலை வரை போகிறது என்பதுதான் இந்தப் பாட்டின் கதை என்று மேலே பேசிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பாட்டுக்கு ஆடிய இரண்டு பிள்ளைகளைப் பற்றியே வம்பு கிளம்பியதே என்று இப்போது இந்த இழையைப் படிக்கும்போதுதான் உறைத்தது.

நெவா

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். வம்பு பரவுகிற பாட்டு என்று நான் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் பாட்டை நான் ஒருபோதும் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை. நன்றி அம்மா.

முத்துநகர்

டாக்டரம்மா, இனிமேல் அடிக்கடி எழுதுங்கள்.

கடலோடி

ஃபாரியன் 2024 ஜனவரியில் மயாமியில் இறந்தார், 82 வயது. செய்தி வந்த அன்று எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் பாட்டைப் போட்டேன். லிஸ் மிட்செல் கதையைத் தொடங்கும் அந்த முதல் வரி, ரொம்ப காலத்துக்கு முன்னால் ரஷ்யாவில் ஒருவன் இருந்தான் என்பது. நம் பாட்டிகள் ‘ஒரு ஊரிலே’ என்று ஆரம்பிக்கும் அதே நிதானம். அவசரமே இல்லை அந்தக் குரலில். குரல் யாருடையது என்ற பேச்சிலே நாம் எல்லாரும் ஃபாரியன், ஃபாரெல் என்றே இருந்துவிட்டோம். கதையைச் சுமந்து போகிறவர் அந்தப் பெண்தான், அது அவருடைய சொந்தக் குரல்.

ஊசித்தட்டு

இதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டது என் தப்பு.

நேற்று தவில்வீடு சொன்னபடி முதல் பாட்டிலிருந்தே கேட்டேன். என் கேசட்டில் அது இல்லை. ரெக்கார்டிங் கடைக்காரர் ராஸ்புடினை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருக்கிறார். அதனால் நாற்பது வருஷமாக எனக்கு இந்தப் பாட்டு திடீரென்று ஒரு அடியோடு தொடங்கும். அந்த உருட்டல் தூரத்திலிருந்து வந்து வந்து உள்ளே நுழைவதை நேற்றுத்தான் முதல்முறை கேட்டேன். அண்ணனுக்குப் போன் போட்டு, ரிசீவரை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பாட்டு முடிந்ததும், ‘இது அந்தக் கேசட்டில் இருப்பது இல்லையே, எங்கேடா கிடைச்சுது?’ என்று கேட்டார்.

தவில்வீடு, அந்த இடத்தில் நடை மாறுகிறதா, இல்லை வேகம் மட்டும் கூடுகிறதா? எனக்குப் பிடிபடவில்லை.

தவில்வீடு

எனக்கும் ஒரு தடவை கேட்டுச் சொல்ல வராது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். அவர் தொடையில் தட்டிப் பார்த்து என்ன சொல்கிறார் என்று எழுதுகிறேன்.